கண்டியின் நேரம்

கண்டி இராச்சியத்தில் பகலுக்கு முப்பதும் இரவுக்கு முப்பதுமாக நாளொன்றுக்கு 60 நாழிகை. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அரசனின் நாழிகை வட்டிலைப் பற்றி எழுதியிருக்கிறார். அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணம் மண்பானை நீரில் மிதக்கும். நீர் ஊறி நிரம்பி அமிழ்ந்தால் ஒரு நாழிகை. உடனே அதை எடுத்து மீண்டும் மிதக்கவிட ஓர் ஆள் ஓயாமல் காத்திருந்தான். குடிமக்களிடம் இந்தக் கருவி இல்லை. மப்பு மந்தாரமான நாளில், மாலை நான்கு மணியளவில் விரியும் ஒரு பூவைப் பார்த்தே பொழுதறிந்தார்கள். அதற்காகவே அந்தச் செடியைக் காட்டிலிருந்து கொண்டுவந்து தோட்டத்தில் நட்டார்கள் என்பது நொக்ஸ் தரும் அருமையான செய்தி.

கொழும்புக்குக் கிழக்கே இருப்பதால் கண்டியில் உச்சிப்பொழுது சுமார் மூன்று நிமிடம் முந்தி வருகிறது. 1867இல் புகையிரதம் வரும்வரை அது யாரையும் உறுத்தியிருக்காது. ஒரே அட்டவணையில் ஓடும் வண்டிக்கோ இரண்டு ஊருக்கும் ஒரே மணி வேண்டும். 1906இல் கிறீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்திய நேரம் நாடெங்கும் வழக்கானது. அந்த நேரப்படி சூரியன் கண்டியின் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.07 காட்டுகிறது. 1950இல் நகர நடுவே எழுந்த மணிக்கூட்டுக் கோபுரமும் காட்டியது இந்தப் பொது நேரத்தையே.

கணினிகளுக்கு நிமிடக் கணக்கு போதாது. சேவையகத்தின் படிகக் கடிகாரம் வெப்பத்துக்கேற்ப விலகும். நாளுக்கு ஓரிரு நொடி தவறுவது சாதாரணம். அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை இதற்கு வழி கண்டது. கேள்வி புறப்பட்ட நேரம், நேர வழங்கியை அடைந்த நேரம், பதில் அங்கிருந்து கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு பயணத் தாமதமும் கடிகாரப் பிழையும் கணக்கிடப்படுகின்றன. போக்கும் வரவும் சமம் என்ற அனுமானம் இதில் உண்டு. பாதை சமமில்லாவிட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே பல மூலங்களை ஒப்பிடுவதே சரி. லினக்ஸில் இன்று இந்த வேலையைப் பல இடங்களில் குரோனி என்ற மென்பொருள் செய்கிறது. கடிகாரத்தைத் திடீரெனத் தாவவிடாமல் மெல்ல முடுக்கியோ தளர்த்தியோ நேராக்குவதால், பதிவேடுகளில் நிகழ்வுகளின் வரிசை குலையாது.

என்டிபி கொண்டுவருவது உலகப் பொது நேரம் மட்டுமே. உள்ளூர் மணி ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேரவலயக் கோப்பிலிருந்து வருகிறது. இலங்கை இதை நன்றாகவே உணர்ந்தது. மின் நெருக்கடியால் 1996 மே மாதம் நாட்டின் மணி ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006 ஏப்ரல் 15இல் நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியபோது, கோப்பைப் புதுப்பிக்காத சேவையகம் நொடி பிசகாமல் ஒத்திசைந்திருந்தும் அரை மணி முந்திக் காட்டும் நிலை உண்டானது.

இலங்கை நியம நேரத்தைப் பேணுவது இப்போது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். கண்டியிலோ பேராதனையிலோ சேவையகம் நடத்துபவர், உள்நாட்டு நேர வழங்கியோடு வேறு சிலவற்றையும் குரோனியின் அமைப்புக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.