காகிதப்பூவும் தீபமும்

காகிதப்பூ என்ற சொல்லை நம்மவர்கள் ஒரு வசவாகவே வைத்திருக்கிறார்கள். உள்ளன்பில்லாத உபசாரம், உயிரில்லாத அழகு, வெறும் பகட்டு என்று எதைச் சொல்ல வந்தாலும் காகிதப்பூவைத்தான் இழுக்கிறோம். மணமில்லை என்பது அதன்மேல் சுமத்தப்படும் குற்றம். கனகாம்பரத்துக்கு என்ன மணம் இருக்கிறது? அதைத் தலை நிறைய வைத்துக்கொள்ளாத தமிழ்ப் பெண்கள் உண்டா? செம்பருத்தியை மணமில்லை என்று எந்த அம்மனும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

இத்தனைக்கும், உயிருள்ள ஒரு செடிக்கே அந்தப் பெயரை வைத்தவர்கள் நாம்தான். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தால், பங்களாக்களின் மதில்களிலும் கேட்டுகளிலும் கத்தரிப்பூ நிறத்திலும் செங்கல் நிறத்திலும் அது சரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இங்கிலீஷ்காரர்கள் அதைப் போகன்வில்லா என்றார்கள். நாம் காகிதப்பூ என்றோம். நம்முடைய பெயரே பொருத்தமானது என்பேன். ஒன்றைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். பூ என்று நாம் மயங்குகிற அந்த வண்ண இதழ்கள் பூவே அல்ல, மூன்று இலைகள். அவற்றின் நடுவே வெண்மையாய், குழல்போல், கவனித்துப் பார்த்தாலொழியக் கண்ணில் படாத சிறு துளிர்கள் மூன்று நிற்கின்றன. அவைதான் பூக்கள். மூன்று தாள்களுக்கு நடுவே குட்டி விளக்குகள். பண்டிகைக்குக் காகிதத்தில் பூச்செய்து மின்சார விளக்குச் சரத்தில் கோக்கிறார்களே, அந்த வேலையின் மாதிரிப் படத்தைச் செடியே தயாரித்து வேலியில் மாட்டி வைத்திருக்கிறது.

அந்தச் செடியின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் 1766-ம் ஆண்டில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, கொம்மர்சோன் என்ற தாவர சாஸ்திரியும் உடன் சென்றார். அவருக்கு உதவியாளாக ஓர் இளைஞன். அந்த இளைஞன் இளைஞனல்ல. ஆண் வேஷம் தரித்த ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்பது அந்நாளையச் சட்டம். பிரேசில் கரையில் 1767-ல் இந்தக் கொடி கிடைத்தது. கொம்மர்சோனுக்குக் காலில் புண். ஆகவே காட்டில் அலைந்து கொடியைக் கண்டெடுத்தது அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று இன்று பலர் கருதுகிறார்கள். கொடிக்குத் தளபதியின் பெயர் கிடைத்தது. சாஸ்திரியின் பெயர் புத்தகங்களில் ஏறியது. உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாகிய பாரேயின் பெயர் ஒரு செடிக்கு முறையாகச் சூட்டப்பட்டது 2012-ல்தான். அதுவும் கத்தரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடிக்கு. காகிதப்பூ விஷயத்தில் கை ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்பது ஆரம்பத்திலேயே வந்துவிட்ட வழக்கம்போலும்.

செயற்கைப் பூ அந்நிய நாகரிகம் என்று நினைப்பவர்கள் மாட்டுப் பொங்கலன்று தஞ்சை ஜில்லாப் பக்கம் போய் மாடுகளின் கழுத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தொங்குவது நெட்டி மாலை. குளங்களிலும் ஏரிகளிலும் வளர்கிற நெட்டித் தண்டின் மேல்தோலைச் சீவினால் உள்ளே பால்போல் வெளுத்த சோறு இருக்கும். அதை மெல்லியதாக வெட்டி, சாயம் தோய்த்து, சரமாகக் கட்டுவார்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையை நாகஸ்வரத்துக்காக அறிந்தவர்கள் அதிகம். அதே ஊரில் நெட்டி மாலையும் பரம்பரைத் தொழில். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, கோமாதாவின் கழுத்துக்கே மணமில்லாப் பூவைச் சூட்டி அழகு பார்த்தவர்கள் நாம்.

இதே நெட்டிச் சோற்றில்தான் வெள்ளைக்காரர்கள் தலையில் கவிழ்த்துக்கொண்ட சோலாத் தொப்பியும் செய்யப்பட்டது. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை ஊன்றிய பிறகு, அவர் வழியில் தோட்டம் போட வந்த துரைமார் பலர். வெயிலுக்குப் பயந்து அவர்கள் சூடிய தொப்பியும், பொங்கலுக்கு நம் பசு சூடிய மாலையும் ஒரே குளத்துச் சரக்கு என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நெட்டிக்குப் பிறகு காகிதம். பொறையாறுக்குப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் இருக்கிறது. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்குவின் கூட்டத்தார், காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1710-களில் அங்கே ஒரு காகிதப் பட்டறை தொடங்கினார்கள். பட்டறை நீடிக்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. அச்சுக்கே காகிதம் போதாத நாட்டில் பூவுக்கு யார் காகிதம் கொடுப்பார்கள்? வண்ணத் தாள் பெட்டிக்கடைச் சரக்கான பிறகே பந்தலிலும் பல்லக்கிலும் தேர்ச் சப்பரத்திலும் காகிதப்பூ ஏறியது. ஏறியும் பயன் பகலோடு சரி. இரவில் அதன் அருகே தீபத்தைக் கொண்டுபோக முடியாது. காகிதத்துக்கும் நெருப்புக்கும் உள்ள பகை எல்லாரும் அறிந்தது.

அந்தப் பகையைச் சமாதானம் செய்யப் பல தேசங்களில் பாடுபட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில், க்ஷேத்திர கணிதப் பாடத்துக்காக 1830-களில் காகிதத்தால் பல முனை நட்சத்திரம் ஒன்றைச் செய்தார்கள். உள்ளே விளக்கு வைத்ததும் அது கிறிஸ்துமஸ் நட்சத்திரமாகிவிட்டது. அந்தச் சபையினர் 1760-லேயே தரங்கம்பாடிக்கு வந்து, 1803-க்குள் பணியை முடித்துக்கொண்டவர்கள். இன்னும் முப்பது வருஷம் பொறுத்திருந்தால் நட்சத்திரத்தையும் கொண்டுவந்திருப்பார்கள். அவர்கள் கொண்டு வராவிட்டால் என்ன, பிறகு நம் பையன்கள் மூங்கில் பிளாச்சைக் கட்டி, பட்டத்துத் தாளை ஒட்டி, தாங்களே நட்சத்திரம் செய்துகொண்டார்கள். உள்ளே மெழுகுவத்தி, காற்றடித்தால் நட்சத்திரம் எரிநட்சத்திரம்.

கூண்டுக்குள் அடங்கிய விளக்கு ஒன்று நமக்குக் கிடைத்தது என்றால் அது பெட்ரோமாக்ஸ். பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் 1910-ஐ ஒட்டிச் செய்த விளக்கு. அதன் வலைத்திரி பிரகாசிக்கத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அந்த மணல் திருவிதாங்கூர்க் கரையில் உண்டென்று 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தது, இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான். அதைப் பிரித்தெடுக்கும் ஆலை மணவாளக்குறிச்சியில் எழுந்தது. நம் கடற்கரை மணலே சீமைக்குப் போய் விளக்காகித் திரும்பிக் கல்யாண ஊர்வலத்தில் வந்தது. ஆனால் அந்தச் சூட்டின் பக்கத்தில் காகிதப்பூவுக்கு என்ன வேலை? விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களின் தலையே சும்மாட்டைத் தாண்டிக் காய்ந்தது.

மின்சாரம் வந்தது. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி, நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக எண்பது பல்புகளை ஏற்றிக் காட்டினார். அதுவரை அந்த மரங்களில் நிஜ மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து, பக்கத்தில் வாளியில் தண்ணீரும் வைத்துக் காவல் இருந்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ஏற்காட்டில் ஒரு முதியவர் காலமானார். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியார் அவர். அவர் கண்ட கிறிஸ்துமஸ்கள் எல்லாம் எண்ணெய்க்கும் மெழுகுக்கும் உட்பட்டவை.

சேலத்துக்கு மேற்கே மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, 1937-ல் அணையின் நீர்மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். கம்பத்தைத் தொடர்ந்து ‘சீரியல் செட்’ வந்தது. இந்தச் சொல்லைத் தமிழ் நாட்டில் எந்த எலெக்ட்ரீஷியனிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆறு வோல்ட் பல்புகள் சுமார் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் வீட்டு மின்சாரத்தின் இருநூற்று முப்பது வோல்ட்டைப் பங்கு போட்டுத் தாங்கிக்கொள்ளும். மினுக்க வேண்டுமா, டியூப் லைட்டின் ஸ்டார்ட்டர் ஒன்றை நடுவே சொருகு. சேலம் குகையில் ஆடித் திருவிழாவின்போது நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தையின் உச்சம் தெரியும். சாமி வேஷம் போட்டவர்கள் அசையாமல் வீற்றிருக்க, வண்டி முழுவதும் வெளிச்சம் ஓடும். ஒரே ஒரு குறை: கூட்டுக் குடும்பம்போல, ஒரு பல்பு கோபித்துக்கொண்டால் நாற்பதும் இருண்டுவிடும். கோபித்தது எது என்று கண்டுபிடிப்பதற்குள் சாமி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இப்போதும் காகிதப்பூ கொஞ்சம் விலகியே நின்றது. இழை பல்பு வாங்கும் மின்சாரத்தில் நூறில் ஏறக்குறைய ஐந்து பங்குதான் வெளிச்சமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. குட்டி பல்பானாலும் மெல்லிய தாள் நெருங்கி மூடினால் கருகும். மெழுகு பூசிய தாளானால் கேட்கவே வேண்டாம். பழைய செட்டுகள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவற்றின்மேல் காகிதம் சுற்றாதீர்கள். உண்மையான சமாதானம் எல்.இ.டி. வந்த பின்புதான் உண்டாயிற்று. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் 1990-களில் ஜப்பானில் கைகூடியதும் வெள்ளையும் கைக்கு வந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. இரண்டு பேட்டரிக் கட்டையில் எரிகிற பொடி விளக்கைக் கைக்குள் பொத்திக்கொள்ளலாம், சுடாது. காகிதம் முதல் தடவையாகப் பயமின்றித் தீபத்தைத் தழுவிக்கொண்டது.

பிளாஸ்டிக் பூவும் விளக்கும் சேர்ந்தே வார்த்த சரங்கள் இன்று சேலம் கடைவீதியில் மலிவாகக் கிடைக்கின்றன. பகை தீர்ந்து கல்யாணம் நடக்கிற சமயத்தில், நடத்திவைத்த கைக்கு வேலை போய்விடும்போல் இருக்கிறது. எனினும் முழுக்கப் போகவில்லை. ஒரு டிசம்பரில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் லயன் வீட்டு வாசலில், வயதான ஓர் அம்மாள் பூச்செய்வதை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். அது பழம் பறிக்கும் பருவம். பகலெல்லாம் சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பழம் பறித்துப் பிசுபிசுத்த கை. அதைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத் தாளைத் தொட்டாள். பட்டத்துத் தாளை எட்டாக மடித்து ஒரே வெட்டு. இதழ்கள் மூன்றை அடுக்கி, விரலால் அடியைத் திருகி, விளக்கின் கழுத்தில் வைத்து நூலால் மூன்று சுற்று. பசை மைதாக் கஞ்சிதான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை.

ஏற்காட்டுப் பனியில் தாள் ஒரே இரவில் நனைந்த அப்பளமாகிவிடும். அதற்கும் வழி வைத்திருந்தாள். கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்கி, பூவை அதில் ஒரு தரம் முக்கி எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். மெழுகு ஏறிய தாளில் வெளிச்சம் நன்றாக ஊடுருவுகிறது. பனியும் முத்து முத்தாய் உருண்டு விழுந்துவிடுகிறது. கடைச் சரத்தில் இந்த இரண்டும் இல்லை.

“நிஜப் பூவையே வாங்கிக் கட்டினால் என்னம்மா?” என்று கேட்டேன்.

“சேலத்திலிருந்து ஏறி வரணுங்களே ஐயா. பண்டிகை நாளிலே அந்த விலைக்கு யாருங்க வாங்குறது? வாங்கினாலும் விடியறதுக்குள்ளே கறுத்துப்போயிடும்.”

“பண்டிகை முடிந்ததும் இதையெல்லாம் என்ன செய்வீர்கள்?”

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் இதழ்களைக் கழற்றிவிட்டு, விளக்குச் சரத்தைப் பால்பவுடர் டின்னில் போட்டு மூடி அடுத்த வருஷத்துக்கு வைத்துவிடுவாளாம். கழற்றிய பூக்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டுபோய், மாட்டுப் பொங்கலுக்கு நூலில் கோத்துத் தங்கள் பசுவுக்குப் போடுவார்களாம்.

“போட்டா அழகாத்தான் இருக்குதுங்க. ஆனா போன வருசம் அது திரும்பிப் பார்த்து, பாதி மாலையைத் தின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை எட்டாக மடித்தாள்.