நிழற்படமும் நிலைபேறும்



மாலை வேளையில் கண்டி வாவிக்கரையில் உலாவுகின்றவர்களுள் படம் பிடியாதார் மிகச் சிலரே. பிடிக்கப்படும் படங்கள் எண்ணிறந்தவை. காகிதத்தில் ஏறுபவையோ மிகக் குறைவு. அக்குறைந்த படங்களை வீட்டிலேயே அச்சிட விரும்புவோர்க்கு இக்காலத்தில் இருவகைப் பொறிகள் கிடைக்கின்றன. ஒன்று, மையைத் துளியாகத் தெளிக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி. மற்றது, சாயத்தை வெப்பத்தால் ஆவியாக்கிப் பதிக்கும் டை சப்ளிமேஷன் அச்சுப்பொறி. எதனைக் கொள்வது என்னும் வினா புதியதாகத் தோன்றலாம். எனினும், எளிதாகக் கிடைக்கும் படம் வேண்டுமா, நெடுங்காலம் நிலைக்கும் படம் வேண்டுமா என்ற அதன் உட்பொருள் இம்மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது.

1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் என்பார் கண்டியில் நிழற்பட நிலையம் நடத்தி வந்தார். இந்நாட்டுக் காட்சிகளையும் மக்களையும் செடிகொடிகளையும் காட்டும் அவருடைய படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அக்காலத்துப் படங்களிற் பெரும்பாலானவை முட்டை வெண்கருப் பூசிய காகிதத்தில் பதிக்கப்பட்டவை. 1850ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பிளாங்கார் எவ்ரார் வெளியிட்ட முறை அது. உப்புக் கலந்த வெண்கருவைக் காகிதத்திற் பூசி உலர்த்தி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, கண்ணாடி நெகட்டிவின் கீழ் வெயிலில் வைப்பார்கள். உருவம் தோன்றியபின் பொன் உப்புக் கரைசலில் நிறமேற்றிக் கழுவி எடுப்பார்கள். நுட்பத்தில் நிகரற்ற படம் கிடைக்கும். ஆயினும் ஈரம் மிகுந்த நாட்டில் அது மெல்ல மஞ்சளாகி, வெளிச்சமான பகுதிகளின் வரைவு மங்கிவிடும்.

இக்குறையை நன்கறிந்தவர்களுள் ஒருவர் யூலியா மார்கரட் கமரன் அம்மையார். இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற அவர், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் டிக்கோயாத் தோட்டமொன்றில் காலமானார்; பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. தோட்டத் தொழிலாளர்களின் உருவங்களும் அவற்றில் உள்ளன. தம் பழைய படங்கள் சிலவற்றை அவர் இலண்டன் ஓட்டோடைப் நிறுவனத்தின் மூலம் காபன் முறையிற் பதிப்பித்தார். அம்முறையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளியன்று. ஜெலற்றினுள் பொதிந்த கரித்தூள் போன்ற நிறமித்துகள். துகள் எளிதில் வெளிறுவதில்லை. முறை கடினமானது, செலவும் மிகுந்தது. எனினும், பின்னாள் தலைமுறைக்கு முகங்களை ஒப்படைக்க விரும்பியவர்கள் அதனை நாடினர்.

பின்னர் ஜெலற்றின் பூசிய வெள்ளிக் காகிதம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் ஆனவை. நன்றாகக் கழுவப்பட்டவை இன்றும் குன்றாமல் இருக்கின்றன. அத்தகைய படமொன்று எங்கள் வீட்டில் உண்டு.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் தோட்டந்தோறும் குடும்பங்கள் பிரிந்தன. என் தாயாரின் தமையனார் புறப்படுமுன், எல்லோரும் கண்டி நகருக்கு வந்து ஸ்டூடியோவில் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாமா தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்றார். பிறகு அவர்கள் நேரிற் சந்திக்கவேயில்லை. அந்தப் படம் இன்றும் தெளிவாக இருக்கிறது. 1980களில் மாமா அனுப்பிய வண்ணப்படமோ செந்நிறம் பாய்ந்து, முகம் தெரியாத நிலையை அடைந்துவிட்டது. அக்கால வண்ணக் காகிதத்திலிருந்த நீலப்பச்சைச் சாயம், ஒளி படாத பெட்டிக்குள் இருந்தபோதும் அழிந்துகொண்டே வந்ததே அதற்குக் காரணம்.

தாயாருக்காக அப்படங்களைப் பிரதி செய்ய முற்பட்டபோதுதான் பொறிகளின் வேறுபாடு எனக்கு விளங்கிற்று. முதலில் மலிவான இங்க்ஜெட் ஒன்றில், சாய மையால் அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டேன். இரண்டு ஆண்டுகளில் பிரதியும் நிறம் மாறியது. ஒருமுறை அழிந்ததை மறுமுறையும் அழியவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இனி இரண்டின் இயல்பையும் பார்ப்போம். 1977இல் ஜப்பானில் கனொன் நிறுவனத்து ஆய்வுகூடத்தில், சூடான பற்றாசுக் கோல் தற்செயலாக ஊசிக்குழலொன்றைத் தொட, உள்ளிருந்த மை பீறிட்டது. வெப்பக் குமிழியால் மையைத் தெளிக்கும் எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. மின்சாரத்தால் வளையும் படிகத்தைக் கொண்டு தெளிக்கும் பொறிகளும் உண்டு. இங்க்ஜெட்டின் சிறப்பு, பெரிய தாளிலும் பலவகைக் காகிதத்திலும் அச்சிடலாம் என்பது. குறை, பல வாரங்கள் பயன்படுத்தாவிடின் மை உலர்ந்து துளைகள் அடைபடும். அடைப்பை நீக்குவதிலேயே மை வீணாகும்.

டை சப்ளிமேஷன் பொறியில் மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை ஆகிய சாயங்கள் பூசிய நாடா உண்டு. வெப்பமுனை அச்சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆவியாக்கிக் காகிதத்தின் மேற்படையுள் புகுத்தும். இறுதியில் நிறமற்ற காப்புப்படை ஒன்றும் ஏறும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படம் உலர்ந்தே வெளிவரும். ஈரக்கை பட்டாலும் கெடாது. மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் அடைபட அங்கு துளையில்லை. நாடாவும் காகிதமும் கணக்காக வருவதால் ஒரு படத்தின் செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் வீட்டுக்குரிய பொறிகளிற் பெரும்பாலானவை தபாலட்டை அளவுக்கு மேல் அச்சிடா. பயன்படுத்திய நாடாவில் படத்தின் சாயல் தங்கியிருக்கும். ஆகையால் அதை வெட்டி அழித்துவிடுதல் நலம்.

எனவே, எப்பொழுதாவது சில படங்கள் அச்சிட்டு உறவினர்க்குக் கொடுக்க விரும்புவோர் டை சப்ளிமேஷன் பொறியைக் கொள்ளலாம். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படங்களை அவ்வாறே அச்சிடுகிறோம். பெரிய படமும், தலைமுறை கடந்து நிற்கும் படமும் வேண்டுவோர் நிறமி மை உடைய இங்க்ஜெட்டையும் அமிலமற்ற காகிதத்தையும் நாடுதல் வேண்டும். அந்த மையில் இருப்பது, கமரன் அம்மையார் நாடிய காபன் படத்திற்போல, கரையாத நிறமித்துகள். வாங்குமுன் மை சாயமா நிறமியா என்று கேட்பது, விலையைக் கேட்பதிலும் முக்கியம்.

தாயாரின் குடும்பப் படத்தை இப்பொழுது நிறமி மையால் அச்சிட்டிருக்கிறேன். பின்புறத்தில் பென்சிலால் பெயர்களையும் ஊரையும் எழுதி, ஒரு பிரதியை மாமாவின் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். மூலப்படத்தை ஈரம் அணுகாத பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய படம் ஒன்று இருக்கலாம். அதிலுள்ளவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத்தக்க முதியோர் உடனிருக்கும்போதே அதனை எடுத்துப் பாருங்கள். பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பொறியைப் பிறகு வாங்கலாம்.