கீழ் வீட்டு ஜன்னலில் சிகரெட், மேல் வீட்டுக்குள் புகை: சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் சட்டம் எதுவரை? | விளக்கம்

இரவு 10 மணி. 7-வது மாடியில் இருப்பவர் ஜன்னல் ஓரம் நின்று சிகரெட் பற்றவைக்கிறார். நேர் மேலே 8-வது மாடியில் கைக்குழந்தை தூங்குகிறது. புகை உள்ளே வர, மேல் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். புழுக்கம் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் மறுபடி திறக்கிறார். காலையில், கீழே செடி ஓரம் கிடக்கும் சிகரெட் துண்டைத் துப்புரவுப் பணியாளர் குனிந்து பொறுக்குகிறார்.

சிங்கப்பூர் அரசு அடுக்குமாடிகளில் இது அடிக்கடி நடக்கும் கதைதான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 7-வது மாடிக்காரர் தன் வீட்டு ஜன்னலில் நின்று புகைத்தது குற்றம் இல்லை. துண்டைக் கீழே வீசியதுதான் குற்றம். அதே ஆள் நாலடி நடந்து வாசலுக்கு வெளியே காரிடாரில் நின்று புகைத்திருந்தால், அதுவும் குற்றம்.

ஏன் இப்படி? கீழே இருக்கும் இடத்தை யார் பராமரிக்கிறார்கள்? மேல் வீட்டுக்காரருக்கு என்ன வழி? பார்க்கலாம்.

எத்தனை பேர் வசிக்கிறார்கள்?

சிங்கப்பூரின் அரசு வீடுகளைக் கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக 'வீவக' என்பார்கள். ஆங்கிலச் சுருக்கம் எச்டிபி. 1960-ல் தொடங்கப்பட்டது. இன்று 10 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். அந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய 80% பேர் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

அதனால் அங்கே 'அரசு குடியிருப்பு' என்றால் ஏழைகளுக்கான இடம் என்று அர்த்தம் இல்லை. ஆசிரியர், டாக்சி ஓட்டுநர், வங்கி ஊழியர் எல்லாரும் ஒரே பிளாக்கில் இருப்பார்கள். ஒருவர் வீட்டுப் புகை இன்னொருவர் வீட்டுக்குப் போவது அங்கே நாட்டு அளவிலான பிரச்சினையாகப் பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

எங்கெல்லாம் புகைக்கக் கூடாது?

சிங்கப்பூரில் புகைத் தடைச் சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. பஸ், திரையரங்கு என்று தொடங்கி, பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. குடியிருப்புகளைப் பொறுத்தவரை முக்கியமான தேதிகள் இவை:

• 2013 ஜனவரி 15: அடுக்குமாடிகளின் பொது இடங்கள் அனைத்திலும் தடை. பிளாக்கின் கீழே தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் கீழ்த்தளம், காரிடார், மாடிப்படி எல்லாம் இதில் அடக்கம். கூரை போட்ட நடைபாதை, மேம்பாலம், பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 5 மீட்டர் ஆகியவையும் சேர்ந்தன.

• 2016 ஜூன் 1: குடியிருப்புகளுக்குள் இருக்கும் சிறு பூங்காக்களிலும் தடை.

• 2022 ஜூலை 1: மற்ற பொதுப் பூங்காக்கள், பொழுதுபோக்குக் கடற்கரைகளுக்கும் தடை நீண்டது.

குழந்தைகள் விளையாடும் இடம், உடற்பயிற்சி மூலை ஆகியவையும் தடைப் பட்டியலில் உண்டு.

மீறினால் 200 சிங்கப்பூர் டாலர் அபராதம். அங்குள்ளவர்கள் பேச்சில் '200 வெள்ளி'. நீதிமன்றம் வரை போய்க் குற்றம் உறுதியானால் 1,000 வெள்ளி வரை போகலாம். நடவடிக்கை எடுப்பது தேசிய சுற்றுப்புற வாரியம்.

அப்போ வீட்டுக்குள்?

வீட்டுக்குள் தடை கிடையாது. ஜன்னல், பால்கனி இரண்டும் வீட்டின் பகுதிதான் என்பதால் அங்கேயும் தடை இல்லை.

இங்கேதான் சிக்கல். கீழ்த்தளம், காரிடார், மாடிப்படி, பூங்கா என்று ஒவ்வொரு இடமாகக் கதவு அடைபட, புகைப்பவருக்கு எளிதாக மிஞ்சுவது சொந்த ஜன்னல். வீட்டுக்குள் தன் பிள்ளைகள் மேல் புகை படக் கூடாது என்று ஜன்னலோரம் போய் நிற்பவர்களும் உண்டு. தன் பிள்ளைக்குப் படாத புகை மேல் வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது.

இதைத் தடை செய்யலாமே என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்கே போனது. 2020 அக்டோபரில் நீ சூன் தொகுதி உறுப்பினர் லூயிஸ் இங், ஜன்னல் ஓரத்திலும் பால்கனியிலும் புகைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். அரசு ஏற்கவில்லை. சொந்த வீட்டுக்குள் ஒருவர் என்ன செய்கிறார் என்று கேமரா வைத்துப் பார்ப்பது தனியுரிமையில் தலையிடுவது, நடைமுறையில் நிரூபிப்பதும் கடினம் என்பதுதான் அரசுத் தரப்பின் பதில்.

புகை உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பதில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. காற்றோட்டம் ஏற்படுத்துவதாலோ, தனி அறை ஒதுக்குவதாலோ பாதிப்பை முழுசாக நீக்க முடியாது என்றும் அது கூறியது.

குழந்தைகளுக்கு ஆஸ்துமா தீவிரமாவது, காது, நுரையீரல் தொற்று, பெரியவர்களுக்கு இதய நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவை இந்தப் புகையோடு தொடர்புடையவை. அடுக்குமாடியில் ஜன்னல் மட்டும் அல்ல, குழாய் போகும் சந்து, கதவு இடுக்கு வழியாகவும் புகை நுழையும்.

அமெரிக்கா மட்டும் எப்படி வீட்டுக்குள் தடை போட்டது?

சிங்கப்பூர் தயங்கிய இதே விஷயத்தை அமெரிக்கா செய்துவிட்டது. மத்திய அரசின் வீட்டுவசதித் துறை 2016 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2018 ஜூலை இறுதிக்குள் நாடு முழுக்கப் பொதுக் குடியிருப்புகள் இதற்கு மாற வேண்டும் என்று கெடு. வீட்டுக்குள், பொது இடங்கள், கட்டடத்தைச் சுற்றி 25 அடி வரை எங்கேயும் சிகரெட், சுருட்டு, பைப், ஹூக்கா கூடாது. 9.4 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இதன் கீழ் வருவதாகவும், அவற்றில் 7.6 லட்சம் குழந்தைகள் வசிப்பதாகவும் அத்துறை அப்போது கணக்குச் சொன்னது.

அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை? பதில் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பொதுக் குடியிருப்பில் இருப்பவர் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் அரசு அமைப்பு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் 99 ஆண்டு குத்தகைக்கு வாங்கிய சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி நிபந்தனை போட முடியாது. தனிச் சட்டம்தான் வேண்டும்.

ஆனால் அமெரிக்க வழியிலும் ஒரு விலை உண்டு. விதியைத் திரும்பத் திரும்ப மீறினால் ஒப்பந்த மீறல். கடைசியில் வீட்டையே காலி செய்யச் சொல்லலாம். 40 வருஷமாகப் புகைக்கும், நடக்கச் சிரமப்படும் ஒரு முதியவரை 25 அடி தள்ளிப் போ என்றால் பனிக்காலத்தில் அவர் என்ன செய்வார்? அதனால்தான் முதலில் எச்சரிக்கை, பழக்கத்தை விட உதவி, கடைசி வழியாகத்தான் வெளியேற்றம் என்று படிப்படியாகப் போகும்படி வீட்டுவசதித் துறை அறிவுறுத்தியது. மாற்றுத்திறனாளிக்கு வீட்டுக்குள் புகைக்க விலக்கு இல்லை. ஆனால் வெளியே போய்வர வசதியாகத் தரைத்தள வீட்டுக்கு மாற்றித் தரலாம்.

கீழே விழும் துண்டை யார் பெருக்குவது?

மறுபடி சிங்கப்பூர் பிளாக்குக்கு வருவோம். அங்கே கட்டுவது வீவக என்றாலும், தினசரிப் பராமரிப்பு நகர மன்றத்தின் வேலை. 1988-ல் வந்த சட்டப்படி இயங்கும் இந்த மன்றங்களை நடத்துவது அந்தந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள். காரிடார் விளக்கு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளம், புல்வெளி, செடிகள் எல்லாம் இவர்கள் பொறுப்பு.

பணம் எங்கிருந்து? ஒவ்வொரு வீடும் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசு மானியமும்தான். வீட்டின் அளவைப் பொறுத்து கட்டணம் மாறும். ஒரு பகுதி லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய செலவுகளுக்கான நிதியில் சேரும். மீதியில்தான் பெருக்குவது, கழுவுவது, புல் வெட்டுவது எல்லாம்.

ஆக, ஒருத்தர் வீசும் துண்டை எடுக்கும் செலவு, புகைக்காத பக்கத்து வீட்டுக்காரர் கட்டணத்திலும் சேர்ந்திருக்கிறது. சிகரெட்டின் பஞ்சு, பஞ்சே இல்லை. ஒரு வகை பிளாஸ்டிக். சீக்கிரம் மக்காது. செடிக்குள்ளும் வடிகாலிலும் போய்ச் சிக்கினால் துடைப்பத்துக்கு வராது, கையால்தான் எடுக்க வேண்டும். அணைக்காத துண்டு என்றால் கீழ் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கழியில் காயும் துணியில் விழலாம். குப்பைக் குழாயில் போட்டால் உள்ளே தீப்பிடிக்கலாம்.

வீசுபவரைப் பிடிக்க முடியுமா?

முடியும். புகைப்பதைவிட வீசுவதில்தான் சட்டம் கடுமை. 2012 முதல் தேசிய சுற்றுப்புற வாரியம் உயரமான கட்டடங்களை நோக்கிக் கேமரா வைத்து வருகிறது. 2015-ல் ஒருவர் தன் வீட்டு ஜன்னல் வழியே நான்கு நாளில் 34 சிகரெட் துண்டுகளை வீசியதற்காக 19,800 வெள்ளி அபராதம் கட்டினார். ஒவ்வொரு துண்டும் தனிக் குற்றம், 33 துண்டுக்குத் தலா 600 வெள்ளி. கடைசித் துண்டுக்குப் பொது இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை.

முன்பெல்லாம் வீட்டில் இருப்பவர்களில் யார் வீசியது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது மாறிவிட்டது. எந்த வீட்டிலிருந்து விழுந்தது என்று தெரிந்தால் போதும். உரிமையாளரோ வாடகைதாரரோதான் வீசினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நான் இல்லை' என்றால் 14 நாளுக்குள் யார் என்று சொல்ல வேண்டும்.

புகைப்பவர் எங்கேதான் போவது?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டால் எந்தத் தடையும் வேலை செய்யாது. நீ சூன் சவுத் வட்டாரத்தில் 2017 முதல் வீடுகளிலிருந்து தள்ளி, சாம்பல் தொட்டியோடு புகைபிடிக்கும் இடங்கள் அமைக்கப்பட்டன. ஓர் இடம் இருந்தால் துண்டு தொட்டியில் விழும், ஜன்னல் புகையும் குறையும் என்பது கணக்கு.

எதிர்ப்பும் உண்டு. 'வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் பிளாக் பக்கம் மட்டும் வேண்டாம்' என்பதுதான் பல இடங்களில் கேட்கும் குரல். ரொம்பத் தள்ளி வைத்தால் யாரும் போக மாட்டார்கள். பக்கத்தில் வைத்தால் முதல் மாடிக்குப் புகை. நிழல், வெளிச்சம், தொட்டியைத் தினமும் காலி செய்ய ஆள் என்று எல்லாம் இருந்தால்தான் அந்த இடம் பயன்படும். தொட்டி நிரம்பி வழிந்தால் அடுத்த துண்டு தரையில்தான் விழும்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

• பேசிப் பாருங்கள்: எந்த நேரத்தில், எந்த அறைக்குள் புகை வருகிறது என்று சொன்னாலே மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். புகை மேல் வீட்டுக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

• குறித்து வையுங்கள்: தேதி, நேரம், எந்த ஜன்னல். பிறகு எங்கே போனாலும் இது கேட்கப்படும்.

• எது யார் வேலை என்று பிரியுங்கள்: காரிடார், மாடிப்படி, கீழ்த்தளத்தில் புகைத்தாலும், மேலிருந்து துண்டு விழுந்தாலும் தேசிய சுற்றுப்புற வாரியம். இடம் சுத்தம் இல்லை, தொட்டி நிரம்பிக் கிடக்கிறது என்றால் நகர மன்றம்.

• சமரசம்: வீட்டுக்குள்ளிருந்து வரும் புகைக்கு சமூக சமரச நிலையத்தை அணுகலாம். நடுவர் ஒருவர் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவார்.

• நடுவர் மன்றம்: எதுவும் பலிக்கவில்லை என்றால், அண்டைவீட்டார் தகராறுகளுக்காக 2015-ல் தொடங்கிய நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். ஒரே கட்டடத்திலோ 100 மீட்டருக்குள்ளோ வசிப்பவர் மேல் போடலாம். அளவுக்கு மீறிய புகையும் சட்டத்தில் குறிப்பிடப்பட்ட தொந்தரவுதான். நிறுத்தும்படி உத்தரவிடவும், 20,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் வழக்கில் ஜெயித்தாலும் இருவரும் அடுத்த நாள் அதே லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும். அதனால்தான் அதிகாரிகளும் கடைசிப் படியாகத்தான் மன்றத்தைக் காட்டுகிறார்கள்.

சுருக்கமாக...

வீட்டு வாசலுக்கு வெளியே சிங்கப்பூர் சட்டம் தெளிவு: புகைத்தால் அபராதம், வீசினால் அதைவிடப் பெரிய அபராதம். வாசலுக்கு உள்ளே சட்டம் இன்னும் நுழையவில்லை. அங்கே மேல் வீட்டுக் குழந்தைக்குப் பாதுகாப்பு, கீழ் வீட்டுக்காரர் ஒரு சிகரெட்டுக்காக லிஃப்ட் ஏறிக் கீழே போகத் தயாரா என்பதைப் பொறுத்தது. அவர் போவதற்கு வெளிச்சமான, சுத்தமான ஓர் இடம் கீழே இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.