மார்ன் ஆற்றில் ஓடிய ஒயின்

ஷாம்பெயின்னா நம்மாளுங்களுக்கு கிரிக்கெட் ஜெயிச்சதும் பீய்ச்சி அடிக்கிற பாட்டில்தான் ஞாபகம் வரும். எனக்கு 1911 ஞாபகம் வரும்.

ஷாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கில் ஒரு பகுதி. அங்கே திராட்சை போட்டவங்க பெரும்பாலும் துண்டு நிலம் வச்சிருந்த குடும்பங்கள். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு தடவை புளிக்கவிட்டாதான் அந்த நுரை வரும். அதுவரை நிலவறையில் போட்டு வைக்கணும், காசு முடங்கிக் கிடக்கும். அந்தக் காசு வியாபாரிகளிடம்தான் இருந்தது. அதனால விவசாயி பழமாவே வித்தான். விலையை வாங்குறவன் சொன்னான். (எந்த ஊர்லதான் இல்ல?)

ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி வேரை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றது. 1910இல் மழையும் பூஞ்சணமும் சேர்ந்து, விளைச்சலே இல்லை. ஆனா ஷாம்பெயின் விற்பனை மட்டும் நிக்கல! சில வியாபாரிகள் லுவார் பக்கமிருந்தும் தெற்கிலிருந்தும் மலிவான ஒயினை இறக்கி, அதே பேர்ல வித்தாங்க.

1911 ஜனவரியில் விவசாயிகள் வண்டிகளை மறித்து, வெளியூர் ஒயினை மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். 1908இல் போட்ட எல்லையையே எடுத்துடலாம்னு செனட் பேசியதும், ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன. ராணுவம் வந்தது. தீ வச்சதை நான் நியாயப்படுத்தல. ஆனா ஊர் பேர் போனா அவங்ககிட்ட விக்க வேற என்ன இருந்தது?

எல்லைச் சண்டை 1927 சட்டத்தில்தான் ஓய்ந்தது. 1930களின் மந்தத்தில் பழம் விலைபோகாமல், சில குடும்பங்கள் தாங்களே பாட்டிலில் அடைக்கத் தொடங்கின. இன்னைக்கும் லேபிளில் பொடி எழுத்தில் ‘ஆர்.எம்.’னு இருந்தா விளைவிச்சவரே தயாரிச்சது, ‘என்.எம்.’னா வியாபாரி நிறுவனம்.