சமிக்ஞைத் தாமதம்

தொலைதூர விண்கலத்தில் ஒரு நிகழ்வு நடந்த கணத்துக்கும், அதன் செய்தி பூமியை எட்டிய கணத்துக்கும் இடைப்பட்ட நேரம். ரேடியோ அலை நொடிக்கு 2,99,792 கி.மீ. செல்லும். ஆகவே நிலவிலிருந்து 1.3 நொடியிலும், செவ்வாயிலிருந்து கோள்களின் இருப்பைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடத்திலும் செய்தி வந்து சேரும். செய்தி கிடைத்த நேரத்தில் பயண நேரத்தைக் கழித்தால், நிகழ்வு நடந்த நேரம் தெரியும்.

தோற்றம்: இக்கணக்குக்கு அடித்தளமிட்டவர் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர். வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள், பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் பிந்துவதையும் நெருங்கும் மாதங்களில் முந்துவதையும் கண்டார். ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று 1676இல் பாரிஸில் அறிவித்தார்.

முறை: அலை வந்துகொண்டிருக்கும்போதே பூமியும் கலமும் நகர்கின்றன. எனவே அனுப்பிய கணத்தில் கலம் இருந்த இடத்துக்கும், பெற்ற கணத்தில் பூமி இருந்த இடத்துக்கும் உள்ள தூரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய கணம் எது என்பதே கேள்வியாதலால், தோராய விடையில் தொடங்கி, மாறுபாடு மறையும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். சூரியனை ஒட்டிச் செல்லும் அலை அதன் ஈர்ப்பால் மேலும் சற்றுத் தாமதிக்கும் என 1964இல் இர்வின் ஷபிரோ காட்டினார். இத்திருத்தத்தோடு, கலத்திலுள்ள கடிகாரத்தின் பிசகும் சரிசெய்யப்படுகிறது.

இந்தியாவில்: சந்திரயான்-1க்காக 2008இல் பெங்களூரு அருகே பையலாலுவில் 32 மீட்டர் அலைவாங்கி இயங்கத் தொடங்கியது. தாமதத்தின் முழுச் சோதனையை இஸ்ரோ சந்தித்தது, செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானில். திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 2014 செப்டம்பர் 24 காலை, செவ்வாய் சுமார் 22 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது, செய்தி வர ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கலத்தைச் செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் சேர்க்க 7.17க்கு முதன்மை இயந்திரம் எரியத் தொடங்கியது, அச்செய்தி 7.30க்குத்தான் வந்தது. அதற்குள் கலம் செவ்வாயின் மறைவுக்குள் போய்விட்டிருந்தது. வெற்றிச் செய்தி எட்டியபோது மணி ஏறக்குறைய 8.

இடையில் பிழை நேர்ந்திருந்தால் பூமியிலிருந்து திருத்த வழியே இல்லை. அதனால்தான் இயந்திரத்தை இயக்கும் கட்டளைகள் பல நாள் முன்னரே கலத்தில் ஏற்றப்பட்டன. சுமார் 300 நாள் ஓய்வில் இருந்த இயந்திரம் செப்டம்பர் 22இல் 4 நொடி சோதித்துப் பார்க்கப்பட்டது. முதல் முயற்சியிலேயே செவ்வாய்ச் சுற்றுப்பாதையை அடைந்த அந்தச் சாதனையில், முன்கூட்டியே போட்ட இந்த நேரக் கணக்குக்குப் பெரும் பங்குண்டு.