தண்ணீரில் போட்ட கோடு



1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாகப் பேச என்னை அழைத்தீர்கள். நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சமி நிலம் இருக்கிறது, சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு நீச்சல் குளமா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. நியாயமான கேள்விதான். தாத்தாவின் பெயரால் நடக்கும் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது ஏன் பொருத்தம் என்பதை முடிவில் நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அக்கா மகளுக்கு பத்து வயது. அவள் அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கோடை விடுமுறையில் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்த்தேன். குளத்தை நீளவாக்கில் மிதவைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். ஓரத்து லேன் கற்றுக்கொள்பவர்களுக்கு, நடுவில் இருப்பவை வேகமாக நீந்துபவர்களுக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. மூன்றாவது நாள் பிள்ளை ஓரத்து லேனில் பாதி தூரம் போய் மூச்சு வாங்கி, நடுவிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஓர் அம்மா தலையைத் தூக்கி, "கண்ணு, நடுவுல நிக்கக் கூடாதுடா. முடியலன்னா கயித்தை ஒட்டியே சுவர் வரைக்கும் வந்துடு. மூலையில நின்னுக்கோ. அப்பதான் மத்தவங்க திரும்ப முடியும்" என்றார். பிள்ளை கற்றுக்கொண்டாள். தவறு எங்களுடையதுதான்.

அதே நாள் கரையில் நின்றிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஊத்துக்கோட்டை என்றேன். ஊத்துக்கோட்டையில் எந்தப் பக்கம் என்றார். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். பதில் சொன்னேன். "ஆத்துல குளிச்சுப் பழகினவங்க. பாப்பாவை நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிட்டு இறக்குங்க. இந்த லேன்ல தினமும் எங்க பசங்க நீந்தறாங்க" என்றார். அவருடைய பையன்கள் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நேராகக் குதித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரே நாளில், ஒரே தண்ணீரில் இரண்டு பேர் எங்களுக்கு ஒழுங்கு சொன்னார்கள். அந்த அம்மா செய்ததைத் திருத்தினார். அந்த மனிதர் பிறந்ததைத் திருத்தப் பார்த்தார். இரண்டுக்கும் நாம் 'நாகரிகம்', 'ஒழுங்கு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இன்றைய பேச்சின் வேலை.

லேன் என்பது என்ன? பன்னாட்டுப் போட்டிக் குளம் 50 மீட்டர் நீளம். ஒவ்வொரு லேனும் 2.5 மீட்டர் அகலம். பொதுக் குளத்தில் அந்த இரண்டரை மீட்டரில் ஐந்தாறு பேர் நீந்த வேண்டியிருக்கும். அதனால் சாலையில் போவதுபோல ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புகிறார்கள். தன் வேகத்துக்கு ஏற்ற லேனில் இறங்க வேண்டும். முந்த வேண்டுமானால் முன்னால் போகிறவர் பாதத்தை லேசாகத் தொட வேண்டும். அவர் சுவரில் நின்று வழிவிட வேண்டும். எல்லோரும் குளித்துவிட்டு இறங்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இதில் யாருடைய தாத்தா யார் என்ற கேள்வி கிடையாது. மெதுவாக நீந்துகிறவர் இன்று ஓரத்து லேன், பழகிவிட்டால் நாளை நடு லேன். ஆள் மாறலாம் என்பதுதான் இந்தக் கோட்டின் நேர்மை.

நம் ஊர்களில் தண்ணீரில் போட்ட கோடு அப்படிப்பட்டதல்ல. ஊருக்கு ஒரு படித்துறை, சேரிக்கு ஒரு படித்துறை. பல இடங்களில் சேரிக்குப் படித்துறையே இல்லை. ஆறு ஓடினால் ஊர் மேலே குளிக்கும், நாம் கீழே குளிக்க வேண்டும். அவர்கள் கழுவி விட்ட அழுக்கு நம்மீது வரலாம், நம் உடம்பில் பட்ட தண்ணீர் அவர்கள்மீது படக்கூடாது. இந்தக் கோட்டில் ஆள் மாற முடியாது. எத்தனை வேகமாக நீந்தினாலும் நம் லேன் கடைசி லேன்தான்.

இந்தக் கோட்டின்மீது இந்த மாகாணத்தில் சட்டமன்ற வழியாகக் கைவைத்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893ல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், 1923ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். 1924ல் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொது இடம் எதிலும் எந்த வகுப்பாரும் நடமாடவும் பயன்படுத்தவும் தடையில்லை என்று அறிவிக்கக் கோரியது. அவை ஏற்றது. 1925ல் அரசிதழில் அறிவிப்பு வந்தது. 1938ல் எம்.சி. ராஜா முயற்சியில் வந்த சட்டம், தடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்றது. 1950ல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியது. ஒரு நாட்டின் மூலச் சட்டம் படித்துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அந்தப் படித்துறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பு வேறு, தண்ணீர் வேறு என்பதை மகத் காட்டியது. 1923ல் பம்பாய் சட்டமன்றம் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924ல் ஏட்டில் எழுதிக்கொண்டது. ஆனால் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பின் வந்த மூன்று எதிர்வினைகளைக் கவனியுங்கள். முதலில் அடி. கூட்டத்துக்கு வந்தவர்களைத் தெருத்தெருவாகத் துரத்தினார்கள். அடுத்து தூய்மை. பால், தயிர், சாணம், மூத்திரம் நிரப்பிய 108 குடங்களைக் குளத்தில் அமிழ்த்தி மந்திரம் ஓதித் தீட்டுக் கழித்தார்கள். மூன்றாவது, அது பொதுக்குளமே இல்லை, சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களின் தனிச்சொத்து என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு 1937 மார்ச் 17ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

அடி, தூய்மை, தனிச்சொத்து. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு வெளிநாட்டையும் கொஞ்சம் பாருங்கள். தண்ணீரில் கோடு போட்டவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை.

அமெரிக்காவில் சிகாகோ நகரம். 1919 ஜூலை 27. மிச்சிகன் ஏரியில் வெள்ளையர் குளிக்கும் கரை ஒன்று, கறுப்பர் குளிக்கும் கரை ஒன்று. இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் கயிறு இல்லை, மதில் இல்லை, ஒரு பலகைகூட இல்லை. கட்டை மிதவையில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயது கறுப்பினப் பையன், இல்லாத அந்தக் கோட்டைத் தாண்டி மிதந்துவிட்டான். கரையில் நின்ற வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவனைக் கைது செய்ய போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து பிடித்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பர்.

அதே நாட்டில் ஜாக்சன் நகரம். கறுப்பருக்கும் குளங்களைத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், நகராட்சி தன் நீச்சல் குளங்களையே மூடிவிட்டது. எல்லோருக்கும் இல்லையென்றால் யாருக்கும் பாகுபாடு இல்லைதானே என்று வாதாடியது. 1971ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றது. பொதுக்குளம் மூடினால் வசதியுள்ளவர்கள் தனியார் கிளப்புக்குப் போய்விடுவார்கள். கரையில் நிற்கப்போவது யார்?

ஆஸ்திரேலியாவில் மோரி என்ற சிற்றூர். நகராட்சிக் குளத்தில் பழங்குடியினருக்குத் தடை. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பழங்குடி மாணவர் தலைமையில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் போய், பழங்குடிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் பறந்தன. கடைசியில் தடை விலகியது. மகத்துக்கும் மோரிக்கும் இடையே 38 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் வழி ஒன்றுதான். இறங்கிக் காட்ட வேண்டும்.

பம்பாயின் பிரீச் கேண்டி குளத்தையும் சொல்ல வேண்டும். 1876ல் தொடங்கிய அறக்கட்டளையின் குளம். அங்கே ஒரு பெரிய குளம் இந்தியாவின் வரைபட வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. அந்த இந்தியாவுக்குள் இறங்க இந்தியர்களுக்கு அனுமதி இல்லை. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் அது நீடித்தது. இதைக் கேட்டுக் கொதித்த நம் மேல்சாதிக் கனவான்கள், தங்கள் ஊர்க் குளத்தில் தாங்கள் போட்டிருந்த கோட்டை நினைத்துப் பார்த்தார்களா?

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், கிணற்றில் நீந்திய தலித் சிறுவர்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தண்ணீரை அசுத்தப்படுத்துகிறோம் என்று நம்மைச் சொன்ன நாட்டில், நாம் குடித்த தண்ணீருக்கு நேர்ந்தது அது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஊத்துக்கோட்டைக்குத் தண்ணீர் புதிதல்ல. ஆரணியாறு நம் ஊரை ஒட்டி ஓடுகிறது. மழைக்காலத்தில் தரைப்பாலத்தை அது மூழ்கடித்த நாட்களில் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1983ல் ஆந்திராவோடு போட்ட ஒப்பந்தத்தின்படி, சென்னைக்கான 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் நம் ஊர் எல்லை ஜீரோ பாயின்ட்டில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். 1996ல் முதல் தண்ணீர் வந்தது. அங்கிருந்து 25 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிப் பூண்டி ஏரிக்குப் போகிறது. சென்னையின் தாகம் நம் வாசல் வழியாகத்தான் தீர்கிறது.

அந்தக் கால்வாயின் கரையைப் பார்த்திருப்பீர்கள். சரிவாக, வழவழப்பாக இருக்கும். தண்ணீர் வேகமாக ஓடும்போது கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒரு பிடிப்பும் கிடையாது. நீச்சல் தெரியாத பிள்ளைகள் அதில் போயிருக்கிறார்கள். அந்த வீடுகளில் சிலவற்றுக்கு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் குளத்துப் பக்கம் போகாதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று விரட்டப்பட்ட மக்களிடம், உங்கள் பிள்ளைக்கு ஏன் நீச்சல் தெரியவில்லை என்று கேட்பது எவ்வளவு எளிது! நீச்சல் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் மட்டும் வந்துவிடாது. இறங்க உரிமை வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அக்கா மகளைச் சென்னைக்கு அழைத்துப் போனது பொழுதுபோக்குக்காக அல்ல. அந்தக் கால்வாய்க்குப் பயந்துதான்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, நம் வட்டாரத்தில் அரசுப் பணத்தில் ஒரு நீச்சல் குளம். உறுப்பினர் கட்டணமும் பரிந்துரைக் கடிதமும் கேட்காத குளம். பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனி நேரமும், பெண் பயிற்சியாளரும் உள்ள குளம். இன்னொன்று, அந்தக் குளத்தின் விதி வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத விதிதான் எப்போதும் நம்மை வெளியே தள்ளியிருக்கிறது. பழக்கம், வழக்கம், 'இங்க எப்பவும் இப்படித்தான்' என்பதெல்லாம் எழுதாத விதிகள். எழுதிய விதியைக் காட்டி நாம் வாதாடலாம். அன்று நான் அந்த மனிதரிடம் சண்டை போடவில்லை. பலகையைக் காட்டி, "குளிச்சிட்டு இறங்கணும்னு எல்லாருக்கும்தான் போட்டிருக்கு சார். உங்க பசங்களையும் கூப்பிடுங்க" என்றேன். பயிற்சியாளர் விசில் அடித்தார். மூன்று பிள்ளைகளும் ஷவருக்குப் போனார்கள்.

நமக்குள்ளும் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அருந்ததியர் குடம் நம் குடத்தில் பட்டால் முகம் சுளித்த கிணற்றடிகள் நம் சேரிகளிலும் இருந்தன. இருளர் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்ன கரைகளும் இருந்தன. நாளை நம் கோரிக்கை வென்று குளம் வந்தால், முதலில் இறங்குகிறவர்கள் 'இது எங்க லேன்' என்று சொல்லக்கூடாது. லேனை அடைத்துக்கொண்டு அரட்டை அடிப்பதும், கற்றுக்கொள்ளும் பிள்ளையின் மேல் குதிப்பதும், பெண்கள் நேரத்தில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதும் அற்பத் தவறுகள் அல்ல. பொதுத் தண்ணீரைத் தன் தண்ணீராக நினைப்பதில்தான் எல்லாக் கோடும் தொடங்குகிறது.

தாத்தா 1924ல் கேட்டது 'எந்த வகுப்பாருக்கும் தடையில்லை' என்ற ஒரு வரி. அந்த வரிக்கு ஒரு குளத்தில் உருவம் கொடுத்தால் அது லேன் விதியாகத்தான் இருக்கும். எல்லோரும் குளி, உன் வேகத்தை அறிந்து இறங்கு, வழி விடு, மூலையில் நில், யாரையும் எந்த ஊர் என்று கேட்காதே. அக்கா மகள் இப்போது நடு லேனுக்குப் போய்விட்டாள். போன வாரம் ஓரத்து லேனில் நடுவில் நின்றுவிட்ட ஒரு சின்னப் பையனிடம், "கயித்தை ஒட்டியே சுவர் வரைக்கும் வந்துடு" என்று அவள் சொன்னதைக் கரையில் நின்று கேட்டேன். அவன் எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை.

ஜெய்பீம்.