நம்ம களிக்கு இமயமலையில் ஒரு சொந்தக்காரர்... நேபாளத்தின் 'டிண்டோ' வீட்டிலேயே செய்யலாம்!

கேழ்வரகு களி நம்மூர் சமாச்சாரம்னு நினைச்சுட்டு இருக்கோம். ஆனா, நேபாளத்தின் மலைக்கிராமங்களிலும் கேழ்வரகு மாவைக் கிண்டித்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே அதன் பெயர் 'டிண்டோ'. மக்காச்சோளம், பக்வீட் மாவுகளிலும் செய்வார்கள்.

நெல் விளையாத மலைச்சரிவுகளில் இதுதான் அன்றாட உணவு. அரிசிச்சோறு கௌரவமாகப் பார்க்கப்பட்டதால், டிண்டோவுக்கு 'ஏழை வீட்டுச் சாப்பாடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அதே டிண்டோ காத்மாண்டு உணவகங்களின் மெனுவில் இருக்கிறது. நம்ம களி, கூழ் கதையும் இதேதானே!

மாவு வாங்கும்போது கவனம்

நேபாளியில் 'கோதோ' என்றால் கேழ்வரகு. இங்கே கடைகளில் 'கோடோ மில்லட்' என்று விற்பது வரகு. பெயரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. பக்வீட் மாவு, 'குட்டு ஆட்டா' என்ற பெயரில் கிடைக்கும்.

தேவையானவை (2 பேருக்கு)

கேழ்வரகு மாவு - 1 கப்
தண்ணீர் - இரண்டரை கப்
நெய் - 2 டீஸ்பூன்

செய்முறை

அரை கப் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதி 2 கப் தண்ணீரை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். லேசாகக் கெட்டியானதும் தீயைக் குறைத்து, மீதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே துடுப்பால் கிண்டுங்கள். மொத்த மாவையும் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். உள்ளே பச்சை மாவு நிற்கும்.

10 நிமிடங்கள் கை விடாமல் கிண்டணும். ரொம்ப இறுகினால் கொஞ்சம் வெந்நீர் தெளிக்கலாம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். நெய் விட்டு இறக்குங்கள். உப்பு வேண்டாம், தொட்டுக்கொள்ளும் குழம்பில் இருப்பதே போதும்.

எப்படிச் சாப்பிடுவது?

கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்த 'குந்த்ருக்' சூப்தான் அங்கே பிரபலமான ஜோடி. கிடைக்கலைன்னா, முள்ளங்கிக்கீரையைத் தக்காளி, உருளைக்கிழங்கோடு குழம்பாக வையுங்கள். டிண்டோவைச் சின்னதாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவதுதான் வழக்கம்.

சர்க்கரைநோய் உள்ளவர்கள் 'சிறுதானியம்தானே' என்று அள்ளிப்போட்டுக்கொள்ள வேண்டாம். இதிலும் மாவுச்சத்துதான் அதிகம். அளவாகச் சாப்பிடுங்க, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்க!